கடலூர் வீட்டை விற்றுவிட்டு ஊட்டிக்குப் போகலாமா, டாக்டர்?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவருக்கு வயது 61. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை, இரவில் இன்சுலின். பி.பி.யும் உண்டு. நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவிக்கு 56 வயது, இருபது வருடமாக வீசிங். 82 வயது அம்மாவும் இவர்களோடுதான் இருக்கிறார்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலும், அதன் பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இவரை உலுக்கிவிட்டன. "தானே புயலில் கூரை போச்சு, 2015-ல் கட்டில் வரைக்கும் தண்ணி, இந்தத் தடவை ஃப்ரிட்ஜே மிதந்தது. இனி இந்த ஊர் வேண்டாம்" என்று எழுதுகிறார். ஊட்டியில் ஒரு வீடு போக்கியத்துக்குப் பார்த்து வைத்திருக்கிறார். பிடித்துப்போனால் அங்கேயே சொந்தமாக வாங்கிவிடுகிற எண்ணம். கடலூர் வீட்டுக்கும் ஆள் வந்து அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார்.

கேட்பது இவ்வளவு: மலைக்காற்றில் மனைவியின் வீசிங் போய்விடுமா? லடாக் போய் வந்த மைத்துனர் "மேலே ஆக்சிஜனே கிடையாது, ஒரு சிலிண்டர் வாங்கி வெச்சுக்குங்க" என்கிறாரே, வாங்கலாமா? குளிர் ஊரில் சர்க்கரை தானாகக் குறையும், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வாக்கிங் வரும் நண்பர் சொல்கிறார், உண்மையா? கடைசியாக ஒரே ஒரு வரி: "அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்றுதான் கொஞ்சம் யோசனை."

ஐயா, உங்கள் கடிதத்தில் ஊட்டியைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. மீதி மூன்றரைப் பக்கமும் தண்ணீரைப் பற்றித்தான். நானும் மஞ்சக்குப்பத்துக்காரன், வீட்டுக்குள் சேறு வாரியவன். அதனால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மலைக்குக் குடிபோகிற முடிவை வெள்ளம் எடுக்கிறதா, நீங்கள் எடுக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை இப்போது விற்காதீர்கள். போக்கியமும் வேண்டாம். ஊட்டிதான் என்றால், ஜூன் தொடங்கி ஜனவரி முடிகிறவரை வாடகைக்கு இருந்து பாருங்கள். மே மாதத்தில் மூன்று நாள் லாட்ஜில் தங்கிவிட்டு அந்த ஊரைப் பற்றி முடிவெடுப்பது, கல்யாண மண்டபத்தில் பார்த்துவிட்டு ஆளை எடைபோடுகிற மாதிரி.

என் முப்பதுகளில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கீழேயிருந்து வந்து குடியேறுகிறவர்கள் எதற்குப் பயந்துகொண்டு வருவார்கள், கடைசியில் எதனால் வந்து என் முன்னால் படுப்பார்கள் என்று நன்றாகத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது.

சிலிண்டர் வேண்டாம், ரத்தத்தைப் பாருங்கள்

மைத்துனர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது வேறு மலை, அவ்வளவுதான். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240. காற்றில் ஆக்சிஜனின் பங்கு தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் 21 சதவீதம்தான், தொட்டபெட்டா உச்சியிலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம். கடற்கரையில் ஒரு மூச்சுக்கு 100 பங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஊட்டியில் 76 பங்கு, லேயில் 65 பங்கு கிடைக்கும். விமானத்தில் நேரே லேயில் போய் இறங்குகிறவர்களுக்குத் தலைவலி, வாந்தி வருவதும், அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்மை. ஊட்டி உயரத்தில் அந்த அளவுக்குப் போவது மிக மிக அரிது. முதல் சில நாள் படியேறினால் மூச்சு வாங்கும், லேசாகத் தலை வலிக்கும், நடு இரவில் விழிப்பு வரும். ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மாட்டும் கருவி உங்கள் பீரோவிலும் இருக்கும். அதை மேலே எடுத்துப்போனால் ஒரு எச்சரிக்கை. 98 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 93 என்று காட்டினால் பகீரென்றிருக்கும். அந்த உயரத்தில் ஆரோக்கியமாக இருப்பவருக்கே 92, 93 வருவதுண்டு. விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில், மனைவிக்கு "ரத்தம் கொஞ்சம் கம்மி, ஹீமோகுளோபின் 8.9" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பக்கத்திலும் எனக்கு அதுதான் முக்கியமான வரி. ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். பெண்களுக்கு அது 12 இருக்க வேண்டும். 8.9-ஐ வைத்துக்கொண்டு மலையேறினால், காற்றும் மெலிந்து, அதைச் சுமக்கும் ஆளும் குறைந்து, வீசிங் எது, ரத்தசோகை எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மாதவிலக்கு நின்றுபோன 56 வயதில் ரத்தம் குறைகிறது என்றால் அது எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். வயிற்றுப் புண்ணா, மூலமா, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரையா, அல்லது குடலிலோ கருப்பையிலோ வேறு ஏதாவதா? இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எந்த ஊரில் குடியிருப்பது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான்.

உங்கள் ஸ்டென்ட்டைப் பொறுத்தவரை, இரண்டு மாடி ஏறியும் நெஞ்சில் பாரமோ வலியோ இல்லையென்றால் ஊட்டியின் உயரம் தடையாக இருக்க வாய்ப்பில்லை. போவதற்கு முன் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு எக்கோ எடுத்து, தேவையென்றால் டிரெட்மில்லும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எந்த ஊரிலும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கணப்புச் சட்டி

ஆக்சிஜனுக்குப் பயப்படுவது என்றால் இதற்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு டிசம்பர் விடியற்காலையில் நான்கு பேரை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சமவெளியிலிருந்து வேலைக்காக வந்து ஆறு வாரம்கூட ஆகாத குடும்பம். எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. அப்பாவுக்கு நினைவு தடுமாறியிருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இல்லை, மலைக்குப் புதுசு, அதனால்தான் என்றார் கூட வந்தவர். அந்த அம்மாவின் புடவையில் கரிப்புகை வாசனை இருந்தது. கேட்டால், இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் வைத்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அவர்கள் பிழைத்தது கதவு கோணலாக இருந்ததால். கீழே இரண்டு விரல் அளவுக்கு இடைவெளி. அதன் பக்கத்தில் படுத்திருந்த மூத்த பெண் எழுந்து மற்றவர்களை இழுத்து வெளியே போட்டிருக்கிறாள்.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். குளிர்காலத்தில் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து இப்படிச் செய்தி வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். படுக்கையறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிற வீட்டையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் "எல்லாரும் வெச்சிருக்காங்க சார்" என்பார். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீசிங்: காற்றைவிடச் சுவர் முக்கியம்

மலைக்குப் போனால் நெஞ்சுநோய் தீரும் என்கிற நம்பிக்கை நமக்கு வெள்ளைக்காரர்கள் வழியாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்குப் போய் அந்த மலையைக் கண்டு மயங்கினார். பிறகு சூடு தாங்காத ஆங்கிலேயச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற மலைக்கு வர ஆரம்பித்தார்கள். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அந்த நம்பிக்கையை அசைத்ததும் நம் ஊர்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மறுபாதியை நெரிசலான ஏழைக் குடியிருப்பில் அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வேலை செய்தது மருந்து. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய ஆய்வு அது.

ஆஸ்துமா வேறு நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். வறண்ட உயர்ந்த மலைகளில் படுக்கையில் இருக்கும் தூசிப்பூச்சி குறைவு, அதனால் சிலருக்கு இழுப்பு குறைவதும் உண்டு. ஆனால் ஊட்டி வறண்ட மலை இல்லை. ஜூனில் தென்மேற்கு மழை பிடிக்கும், அது ஓய்ந்த கையோடு வடகிழக்கு மழை, அதன்பின் உறைபனி. துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. தோல் செருப்பில் பச்சை படரும். பீரோவுக்குப் பின்னால் பூசணம் பிடிக்கும். விடியற்காலைக் குளிர்காற்று மூக்கில் ஏறினாலே சிலருக்கு இழுப்பு வந்துவிடும்.

வெள்ளத்துக்குப் பிறகுதான் மனைவிக்கு வீசிங் அதிகமானது, சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளியும் பூசணம்தான். அதற்குப் பயந்து கிளம்பி, அதே பூசணம் ஆறு மாதம் குடியிருக்கும் வீட்டுக்குப் போகப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. "பம்பு அடித்தால் பழகிவிடும் என்பதால் இழுப்பு வரும்போது மட்டும் அடிக்கிறாள்." ஐயா, இந்தப் பழகிவிடும் என்ற வார்த்தை நம் ஊரில் நிறைய நுரையீரலைக் கெடுத்திருக்கிறது. இன்ஹேலரில் இரண்டு வகை. ஒன்று இழுப்பு வரும்போது நிவாரணம் தருவது. இன்னொன்று இழுப்பே வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது. உங்கள் மனைவி இருபது வருடமாக முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து, தடுப்பு மருந்தை ஒழுங்காக மூன்று மாதம் எடுத்துப் பார்க்கட்டும். ஸ்பேசர் குழாய் வைத்து எப்படி இழுப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். ஊட்டி வரைக்கும் போகாமலே பெருமளவு சரியாகக்கூடிய விஷயமாக இது இருக்கலாம்.

மேலே வீடு பார்ப்பதானால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ பாருங்கள். மண்ணை வெட்டி, அந்த வெட்டுக்கு முதுகைக் கொடுத்துக் கட்டிய வீடுகள் அங்கே நிறைய உண்டு. பின்சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். உள்ளே போனதும் வீட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன் அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். காலை வெயில் படுக்கையறைக்குள் விழ வேண்டும். ரோட்டிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். ஐம்பது படிக்குக் கீழே இருக்கிற வீட்டிலிருந்து ஒருவரை ஸ்ட்ரெச்சரில் மேலே ஏற்றுவது எப்படி என்று யோசியுங்கள். நான் ஏற்றியிருக்கிறேன். பெயின்ட் புதுசாக அடித்திருக்கிறார்களா என்பதை வைத்து மயங்காதீர்கள், பூசணத்தை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

சர்க்கரையும் பி.பி.யும் குளிரில்

வாக்கிங் நண்பர் சொன்னது தவறு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும். புதிய உயரமும் முதல் சில வாரம் அதைக் கொஞ்சம் ஏற்றும். சர்க்கரை இரண்டு பக்கமும் போகும். ஏற்றத்தில் நடந்தால் திடீரென்று இறங்கும். குளிருக்குப் பசி எடுத்து, சூடான டீயும் வர்க்கியுமாக நாளுக்கு நான்கு வேளை ஆகிவிட்டால் ஏறும். (ஊட்டி வர்க்கியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. சர்க்கரைக்காரர்கள் கையில் அது பொட்டலமாக இருக்கும்போதுதான் குறை.) மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை முதல் மாதம் வீட்டில் எழுதி வைக்கும் எண்களைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

இன்சுலின் போடுகிறவர் நீங்கள். கடலூர் வெயிலில் அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றினீர்கள், அங்கே உறையாமல் காப்பாற்ற வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகின பிறகும் குப்பைக்குத்தான். ஜனவரி இரவில் ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீர்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் தகராறு செய்யும், சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். நடுக்கம் வந்தால் குளிர் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள். லோ சுகருக்கும் நடுக்கம்தான் வரும். சந்தேகம் வந்தால் முதலில் மீட்டர், மீட்டர் கையில் இல்லையென்றால் சர்க்கரை கரைத்த தண்ணீர். "குளிருக்கு ஒரு பெக்" என்று நீங்கள் விளையாட்டாக எழுதியதற்கும் பதில் இதுவே. பிராந்தி தோலில்தான் சூட்டைக் காட்டும், உடம்புச் சூட்டை வெளியே அனுப்பிவிடும், இன்சுலினோடு சேர்ந்தால் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும்.

பாதம் மரத்துப்போகிறது என்கிறீர்கள். என்னிடம் வந்த ஒருவர் ஹீட்டர் முன்னால் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாக்ஸ் கருகுகிற வாசனை அடுப்படியில் இருந்த மனைவிக்கு எட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வலி தெரியவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆனது. வெந்நீர் பையைப் படுக்கையில் முன்கூட்டியே வைத்துச் சூடாக்கலாம், படுக்கும்போது எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். குளிக்கிற தண்ணீரை மனைவி கைவைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

சில்வர் பீச்சில் விடியற்காலை ஐந்து மணி வாக்கிங் உங்களுக்கு நெடுநாள் பழக்கம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ஐந்து மணிக்குப் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெளுத்திருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் குளிரில் ஏற்றம் ஏறக் கூடாது. எட்டு மணிக்கு மேல், வெயில் வந்த பிறகு, காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சமமான பாதையில் நடங்கள். தாகம் எடுக்காது என்பதால் தண்ணீர் குடிக்க மறந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் என் துறை இல்லை. ஆனாலும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்: அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இட்லி மாவு கடலூரில் ராத்திரி வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். அங்கே கம்பளி போர்த்தி வைத்தாலும் மறுநாள் மதியம் வரை கல்லு மாதிரி இருக்கும்.

இதயத்துக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கிறதா?

உங்கள் வீட்டிலிருந்து, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்குள். நெஞ்சுவலி வந்தால் கோரிமேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிற தைரியத்தில்தான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறீர்கள், நீங்கள் கவனிக்காவிட்டாலும். ஊட்டியிலும் நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2025-ல் 700 படுக்கையோடு புதிய மருத்துவமனையும் திறந்தார்கள். இருந்தாலும் பெரிய சிகிச்சைகளுக்கு மலைக்காரர்கள் இன்னமும் இறங்குவது கோயம்புத்தூருக்கு. 85 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம், குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவு. சீசனில் நெரிசல் வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஞ்சியோ எங்கே செய்வார்கள் என்ற பதில் கையில் இல்லாமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மழையில் அந்தப் பாதையே அடைபடும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் பெய்ததைவிட அது மிக அதிகம். கடலூரில் தண்ணீர் ஏறும், நாம் மொட்டைமாடிக்குப் போவோம். அங்கே மண் இறங்கும். வீட்டுக்கு மேலே சரிவில் என்ன இருக்கிறது, புதிதாக மண் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மலைப்பகுதியில் கட்டிட அனுமதிக்குத் தனி விதிகள் உண்டு, வாங்குவதானால் பத்திரத்தை அந்த ஊர் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேரப்பிள்ளைகள் காரில் வருவதற்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது.

மலையே வேண்டும் என்றால் ஏற்காட்டை ஏன் யோசிக்கவில்லை? சுமார் 1,500 மீட்டர்தான், குளிர் தாங்கக்கூடியது, ஒரு மணி நேரத்தில் சேலத்துக்கு இறங்கிவிடலாம், அங்கே பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூரிலிருந்தும் ஊட்டியைவிட மிகப் பக்கம். தண்ணீர் வராத மேடு போதும் என்றால் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. கேப்பர் மலையை மலை என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் கெடிலம் பெருகினாலும் பெண்ணை பெருகினாலும் எட்டிப் பார்க்க முடியாத செம்மண் மேடு அது. மாடியில் ஒரு வாடகை வீடு கிடைத்தால், ஜிப்மரும் கைவிட்டுப் போகாது, உங்கள் நண்பர்களும் போக மாட்டார்கள். என்னைக் கேட்டால் நான் முதலில் அங்கேதான் வீடு தேடுவேன்.

அம்மா

அவருக்கு நீங்கள் ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள். 82 வயதில் உடம்பு குளிரைச் சரியாக உணராது, நடுக்கமும் குறைவாக வரும், நாம் தொட்டுப் பார்த்தால்தான் சில்லிட்டுப்போனது தெரியும். ஈரமான படியில் வழுக்கினால் இடுப்பெலும்பு. நிமோனியா தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ ஊசியும் எந்த ஊரானாலும் போடுங்கள், உங்கள் மூன்று பேருக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்குக் கவலை வேறு. தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு அம்மாவோடு பேசுவார், பிரதோஷத்துக்குப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்த வீடு அது. இந்த வயதில் புது வீடு, புதுக் குளிர், பேச ஆளில்லாத மாலை, எல்லாம் சேர்ந்தால் ராத்திரியில் இடம் தெரியாமல் குழம்புவது நான் பலமுறை பார்த்தது. லாஸ்பேட்டையில் இருக்கும் உங்கள் தங்கை வீட்டில் அம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்பதும் உங்கள் மனதில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். எழுதவில்லை, ஆனால் தங்கையை இரண்டு இடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு ஆள் அட்வான்ஸோடு வருவதற்கு முன், ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, இப்படி ஒரு யோசனை இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேளுங்கள். அவர் சொன்னதையும், மனைவியின் ரத்தப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.